முகவரிக்குள் ஒரு வகைப்பெயர்: தளம் கட்டத் தொடங்கும் இளம் கலைஞருக்குக் கடிதம்



ஒரு கட்டுரைக்கு இணையத்தில் கொடுக்கப்படும் முகவரி, அக்கட்டுரையின் எழுத்துரு, வண்ணம், பக்க அமைப்பு ஆகிய அனைத்தையும்விட நீண்ட காலம் நிலைத்திருக்க வேண்டிய பகுதி என்பதை, தளம் கட்டும் தொழிலுக்குப் புதிதாக வருபவர் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. வடிவமைப்பு எத்தனை முறை மாறினாலும் வாசகர் எவரும் வழி தவறுவதில்லை. முகவரி மாறினாலோ, அதைத் தம் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் சேர்த்த மாணவர், வகுப்புக் குறிப்பில் எழுதி வைத்த ஆசிரியர், வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பிய வாசகர், தன் பட்டியலில் ஏற்றி வைத்த தேடுபொறி ஆகிய எல்லாத் தரப்பும் ஒரே நாளில் ‘பக்கம் காணப்படவில்லை’ என்னும் 404 அறிவிப்பின் முன் வந்து நிற்க நேரும். அந்த முகவரிக்குள் கட்டுரையின் வகைப்பெயரையும் சேர்ப்பதென்று முடிவு செய்யும்போது பொறுப்பு இன்னும் கூடுகிறது. ஏனெனில் அப்போது முகவரி, கட்டுரை இருக்கும் இடத்தைச் சொல்வதோடு நில்லாமல், கட்டுரை எத்தகையது என்பதைப் பற்றிய ஒரு தீர்ப்பையும் நிரந்தரமாகச் சுமக்கத் தொடங்குகிறது.

ஜெக்கில், ஹியூகோ, எலெவன்டி முதலியவை ‘ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர்’ என்று துறையினர் வழங்கும் மென்பொருள் இனத்தைச் சேர்ந்தவை. வாசகர் கேட்கும்போதெல்லாம் தரவுத்தளத்தைத் தேடிப் பக்கத்தை உருவாக்கித் தரும் வேர்ட்பிரஸ் முறைக்கு மாறாக, இவை எளிய உரைக்கோப்புகளாக எழுதப்பட்ட கட்டுரைகளை முன்கூட்டியே வாசித்து, முழுமையான எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி, கோப்புறைகளில் அடுக்கி வைத்துவிடுகின்றன. சர்வருக்கு எஞ்சும் வேலை, கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டுமே. ஆகவே இத்தகைய தளத்தில் முகவரி என்பது பெரும்பாலும் கோப்புறைப் பாதையே ஆகும். உணவைப் பற்றிய ஒரு தளத்தில் ‘/சிற்றுண்டி/பணியாரம்/’ என்று முடியும் முகவரி இருந்தால், சிற்றுண்டி என்னும் கோப்புறைக்குள் பணியாரம் என்னும் கோப்புறையும், அதற்குள் ‘இண்டெக்ஸ்’ என்னும் பெயருடைய எச்டிஎம்எல் கோப்பும் உள்ளன என்று பொருள். கோப்புறையைக் கேட்டால் அதற்குள் இருக்கும் இண்டெக்ஸ் கோப்பைத் தருவது சர்வர்களின் பொது வழக்கமாதலால், கோப்பின் பின்னொட்டு முகவரியில் தெரிவதில்லை. தூய முகவரி என்று துறையில் சொல்லப்படுவது இதுதான்: தேதி, எண், பின்னொட்டு, கேள்விக்குறிக்குப் பின் வரும் அளபுருக்கள் எவையும் இன்றி, வாசிப்பவருக்குப் பொருள்படும் சொற்கள் மட்டும் சாய்கோடுகளுக்கு இடையே நிற்பது. (இக்கடிதத்தில் முகவரிகள் யாவும் படிப்பதற்கு எளிதாகத் தமிழ் எழுத்திலேயே காட்டப்படுகின்றன; உண்மையில் எந்த எழுத்தில் அமைப்பது என்பது பின்னர்ப் பேசப்படும்.)

கிட்ஹப் நிறுவனர்களுள் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர், ரூபி மொழியில் எழுதி 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஜெக்கிலை எடுத்துக்கொண்டால் செயல்முறை தெளிவாக விளங்கும். அதில் ஒவ்வொரு கட்டுரையும் ‘போஸ்ட்ஸ்’ என்னும் கோப்புறையில், ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கும் கோப்புப்பெயருடன் வைக்கப்படுகிறது. கோப்பின் உச்சியில், மூன்று சிறு கோடுகள் கொண்ட இரண்டு வரிகளுக்கு நடுவே, தலைப்பு, வகை, குறிச்சொற்கள் போன்ற விவரங்கள் எழுதப்படுகின்றன. இப்பகுதிக்கு ‘ஃபிரண்ட் மேட்டர்’ என்று பெயர். எந்த மாற்றமும் செய்யாமல் விட்டால், ஜெக்கில் வகை, ஆண்டு, மாதம், நாள், தலைப்பு, பின்னொட்டு என்ற வரிசையில் நீண்ட முகவரியைக் கட்டும். தளத்தின் பொது அமைப்புக் கோப்பில் ‘பெர்மாலிங்க்’ என்னும் ஒரே வரியைச் சேர்த்து, அதில் முக்காற்புள்ளி முன்னே நிற்கும் இரண்டு இடங்காட்டிகளை, அதாவது வகைகளைக் குறிக்கும் ‘கேட்டகரீஸ்’, தலைப்பைக் குறிக்கும் ‘டைட்டில்’ என்பவற்றை, சாய்கோடுகளுக்கு நடுவே எழுதிவிட்டால் தேதியும் பின்னொட்டும் விலகிவிடும். கடைசிச் சாய்கோட்டை மறந்துவிடக் கூடாது. கோப்புறையும் அதற்குள் இண்டெக்ஸ் கோப்பும் உருவாவதற்கு அதுவே காரணம்.

வேலை அவ்வளவுதான் என்று தோன்றும். இடர்ப்பாடுகள் தொடங்குவது இதற்குப் பிறகுதான். ‘டைட்டில்’ என்னும் இடங்காட்டி, பெயருக்கு மாறாக, ஃபிரண்ட் மேட்டரில் எழுதிய தலைப்பை எடுப்பதில்லை. கோப்புப்பெயரில் தேதிக்குப் பின் வரும் பகுதியையே எடுக்கிறது. முகவரியின் இக்கடைசித் துண்டைத் துறையினர் ‘ஸ்லக்’ என்பர். பக்கத்தில் தெரியும் தலைப்பை எத்தனை முறை திருத்தினாலும் முகவரி அசையாமல் இருப்பதற்கு இதுவே வழி என்பதால், இதை ஒரு குறையாகக் கருதாமல் வசதியாகவே கொள்ள வேண்டும்.

வகையை எழுதும் இடத்தில் இன்னும் நுட்பமான பொறி ஒன்று உள்ளது. ஃபிரண்ட் மேட்டரின் ‘கேட்டகரீஸ்’ என்னும் பன்மைப் புலத்தில் ‘சங்க இலக்கியம்’ என்று இடைவெளி விட்டு எழுதினால், ஜெக்கில் அதை ஒரே வகையாகக் கொள்வதில்லை. ‘சங்க’ என்றொரு வகை, ‘இலக்கியம்’ என்றொரு வகை என இரண்டாகப் பிரித்து, முகவரியையும் ‘/சங்க/இலக்கியம்/’ என்று இரண்டு படிகளாகக் கட்டிவிடும். சதுர அடைப்புக்குறிக்குள் பட்டியலாக எழுதினால் இது நேராது. ஆனால் அப்போது வகைப்பெயரின் நடுவிலுள்ள இடைவெளி அப்படியே முகவரிக்குள் புகுந்து, விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக மாறி நிற்கும். இதற்காகவே 4.1ஆம் பதிப்பில், வகைப்பெயரின் இடைவெளிகளைச் சிறுகோடுகளாக மாற்றித் தரும் தனி இடங்காட்டி ஒன்று சேர்க்கப்பட்டது. இரண்டு வகைகளைப் பட்டியலிட்டால், எழுதிய வரிசையே முகவரியின் வரிசையாகும் என்பதையும் கவனிக்க வேண்டும்: ஒரு கட்டுரையில் ‘செட்டிநாடு, சிற்றுண்டி’ என்றும் இன்னொன்றில் ‘சிற்றுண்டி, செட்டிநாடு’ என்றும் எழுதிவிட்டால், ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு கட்டுரைகள் வெவ்வேறு கோப்புறைகளில் போய்ச் சேரும்.

கோப்புறை வழியாகவே வகையைத் தீர்மானிக்க விரும்புவோர், ‘போஸ்ட்ஸ்’ கோப்புறைக்கு மேலே உள்ள கோப்புறைகள் மட்டுமே வகைகளாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும், அதற்குள்ளே பிரித்து வைத்தவை அப்படிக் கொள்ளப்படா என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பலரும் உள்ளே பிரித்து வைத்துவிட்டு வகை ஏன் முகவரியில் வரவில்லை என்று தேடுகிறார்கள். அவ்வாறு உள்ளே பிரித்து வைப்பதே வசதி என்றால், பொது அமைப்புக் கோப்பில் இயல்மதிப்புகளை வகுக்கும் பகுதியில், இந்தக் கோப்புறையில் உள்ளவற்றுக்கு இந்த வகை என்று ஒருமுறை அறிவித்துவிடலாம்.

தேதியை நீக்கியதற்கும் ஒரு விலை உண்டு. ஆண்டுதோறும் ‘பொங்கல் சமையல்’ என்ற பெயரில் கட்டுரை வெளியிடும் தளத்தில், ஒரே வகையில் ஒரே ஸ்லக் இரண்டாம் முறை வரும்போது இரண்டும் ஒரே கோப்புறைக்குப் போட்டியிட, ஒன்று மற்றொன்றை அழித்துக்கொண்டு எழுதப்படும். செய்தித்தன்மை மிகுந்த தளங்கள் ஆண்டையாவது முகவரியில் வைத்திருப்பது இதனால் நியாயமானதே.

எல்லா நுட்பங்களையும்விடக் கடினமான கேள்வி, வகையை முகவரியில் சேர்ப்பது சரிதானா என்பதாகும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற கருத்தை வலியுறுத்தி 1998இல் எழுதிய குறிப்பில், ஆசிரியர் பெயர், கோப்பின் பின்னொட்டு, பயன்படுத்திய மென்பொருளின் அடையாளம் ஆகியவற்றோடு, பொருள்வகையையும் முகவரியிலிருந்து விலக்கச் சொன்னார். இன்றைய பகுப்பு நாளை மாறும் என்பதும், ஆவணம் உருவான தேதியோ மாறாத ஒன்று என்பதும் அவர் காட்டிய காரணங்கள். இவ்வெச்சரிக்கையைத் தள்ளிவிட இயலாது. வகையை முகவரியில் சேர்க்கப் பழகும் இளைஞர், தாம் மீறுவது எதை, எதற்காக என்று அறிந்தே மீற வேண்டும். தேதி கொண்ட முகவரி மாறாது என்பது உண்மை. ஆனால் அது வாசகருக்கு எதையும் சொல்வதில்லை என்பதும் உண்மை. ஒரு பண்டத்தின் செய்முறையைத் தேடி வந்தவருக்கு அது எந்த ஆண்டின் எந்த நாளில் எழுதப்பட்டது என்பதால் பயன் சிறிதளவே; அதைச் சூழ்ந்திருக்கும் பிற சிற்றுண்டிகளுக்கு வழி காட்டும் முகவரியோ, பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே உதவத் தொடங்கிவிடுகிறது.

இச்சிக்கலுக்கு விடை தேடுபவர் நூலகத்தைப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி இரா. அரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் வகைப்பாட்டில், ஒரு நூலுக்கு ஒரே பொருள் என்று கொள்ளாமல், அதன் பொருளைப் பல முகங்களாகப் பகுத்து, அவற்றை முக்காற்புள்ளியால் இணைத்துக் குறிக்கும் முறையை வகுத்தார். முகங்கள் எத்தனை இருந்தாலும் நூல் நிற்கக்கூடிய அலமாரி ஒன்றே. ஏனைய முகங்களின் வழியாகத் தேடி வருபவரை அந்த அலமாரிக்கு அழைத்து வருவது அட்டவணையின் வேலை. தளத்திலும் முகவரியில் நிற்கும் வகை அலமாரி, குறிச்சொற்கள் அட்டவணை. பணியாரம் சிற்றுண்டியா, செட்டிநாட்டுச் சமையலா, இனிப்பா, காரமா, மாலைப் பண்டமா என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஆம் என்பதே விடையாக இருக்கலாம். முகவரியில் ஒன்றுதான் இடம்பெற வேண்டும், மற்றவை குறிச்சொற்களாக நிற்க வேண்டும். முகவரியில் இரண்டு, மூன்று வகைகளை அடுக்குவது எத்தனை கவர்ச்சியாகத் தோன்றினாலும் அதைத் தவிர்ப்பதே நன்று. படி ஒவ்வொன்றும் பிற்காலத்தில் பொய்யாகிப்போகக்கூடிய தீர்ப்பு என்பதால், படிகள் கூடக்கூட முகவரியின் ஆயுள் குறைகிறது.

அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, பொருளின் இயல்பைச் சொல்லும் பெயர்களே நிலைக்கும், தளத்தின் அன்றைய ஏற்பாட்டைச் சொல்லும் பெயர்கள் நிலைக்கா என்பதை அளவுகோலாகக் கொள்ளலாம். ‘சிற்றுண்டி’, ‘ஊறுகாய்’, ‘பாத்திரங்கள்’ என்பவை முதல் இனம். ‘புதியவை’, ‘சிறப்புப் பகுதி’, ‘ஆசிரியர் தேர்வு’, ‘தொடர்’ என்பவை இரண்டாம் இனம். ‘புதியவை’ என்ற கோப்புறையில் பல ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுரை நிற்பது வாசகரிடம் சொல்லப்படும் பொய்யாகவே முடியும். ‘பொது’, ‘இதர’ என்னும் பெயர்களை ஒருபோதும் முகவரிக்குள் விடக் கூடாது. வகைப்படுத்த முடியாத கட்டுரைக்கு வகையே இல்லாத முகவரி கொடுப்பது நேர்மையானது. வகைகளின் எண்ணிக்கையும் குறைவாக இருக்கட்டும். ஒரே ஒரு கட்டுரைக்காக உருவாக்கிய வகை, இன்னொரு கட்டுரை வரும்வரை காத்திருந்து, வராமலே போய்விடுவது பெரும்பாலான தளங்களில் காணக்கூடியது.

அடுத்து, தமிழில் எழுதும் தளங்களுக்கே உரிய சிக்கலைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியுள்ளது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் வகுக்கப்பட்ட இணைய முகவரித் தரத்தின்படி, முகவரியில் நேரடியாக இடம்பெறக்கூடியவை ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே. பிற எழுத்துகள் பைட் பைட்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு குறியெழுத்துகளுமாக எழுதப்படும். யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் கொண்டது. ஆகவே ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து. ‘சிற்றுண்டி’ என்னும் சொல்லில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்துப் பத்துக் குறியீடுகளும், ‘பணியாரம்’ என்பதில் எட்டும் உள்ளன. உலாவியின் முகவரிப் பட்டையில் அழகிய தமிழாகத் தெரியும் ‘/சிற்றுண்டி/பணியாரம்/’, நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் 162 எழுத்துகளும் மூன்று சாய்கோடுகளும் கொண்ட, எவராலும் படிக்க இயலாத சரமாக விரிந்துவிடும்.

நீளம் மட்டுமே குறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ‘சோறு’ என்னும் சொல்லின் முதலெழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: சகரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, முன்னே வரும் இரட்டைக்கொம்பையும் பின்னே வரும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. யுனிகோடு இலக்கணப்படியும் இரண்டும் சமமானவையே. ஆனால் சர்வர் பைட்டுகளை ஒப்பிடுகிறதே தவிர எழுத்துகளை அன்று. கோப்புப்பெயர்களைப் பிரித்தெழுதி வைக்கும் வழக்கமுடைய பழைய மேக் கணினியிலிருந்து லினக்ஸ் சர்வருக்குச் சென்ற கோப்பை, சேர்த்தெழுதிய முகவரியால் கேட்டால் 404 வரக்கூடும். பிழை எங்கே என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது. ஸ்லக் தயாரிக்கும் நிரல்கள் வேறு விதமாகவும் தீங்கு செய்யும். ஜெக்கிலின் ஸ்லக் முறைகளுள் ஆஸ்கி என்னும் முறை தமிழை முழுவதுமாகத் துடைத்துவிடும். ஹியூகோவில், ஐரோப்பிய எழுத்துகளின் மேல் வரும் குறிகளை நீக்குவதற்காக ஓர் அமைப்பு உண்டு; அதை இயக்கினால், யுனிகோடில் இடம் அடைக்காத குறிகள் என்ற வகைக்குள் வரும் நம் புள்ளியும் ஈகாரக் குறியும் சேர்ந்து நீங்கிவிடுவதால், ‘மீன்’ என்னும் கோப்புறை ‘மன’ என்று ஆகிவிடும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கையில், தமிழ்த் தளத்தின் முகவரி தமிழிலேயே இருப்பது இயல்பான ஆசை என்றாலும், ஆங்கில எழுத்தில் பெயர்த்து எழுதுவதே இன்றைய நிலையில் பாதுகாப்பானது என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. இது மகிழ்ச்சி தரும் முடிவு அன்று. வாசிக்கத்தக்க முகவரி என்பதற்காகவே வகையைச் சேர்த்துவிட்டு, அதைப் பகிரும் ஒவ்வொரு முறையும் வாசிக்க முடியாததாக ஆக்குவது நோக்கத்தையே கெடுக்கும் என்பதால்தான் இதை ஏற்க நேர்கிறது. கோப்புப்பெயரையும் வகைப்பெயரையும் ஆங்கில எழுத்திலும், ஃபிரண்ட் மேட்டரின் தலைப்பைத் தமிழிலும் வைத்தால் ஜெக்கிலில் இது தானாகவே நடந்துவிடும். ஆனால் பெயர்ப்புக்கு எழுதி வைத்த விதி வேண்டும்: ழகரத்துக்கு எந்த எழுத்து, நெடிலை இரட்டிப்பதா இல்லையா, சகரத்துக்கு எது, எல்லாம் சிறிய எழுத்துகளிலேயே இருக்குமா என்பவற்றை முதல் நாளே முடிவு செய்து தளத்தின் கோப்புகளோடு வைத்துவிட வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு என்பது லினக்ஸ் சர்வரின் கணக்கு. விண்டோஸிலும் மேக்கிலும் சரியாகத் திறந்த பக்கம், ஒரே ஒரு பெரிய எழுத்தால் தளத்தில் ஏறியபின் காணாமல் போவதுண்டு.

முகவரியின் கடைசித் துண்டை அழித்துவிட்டு, எஞ்சியதைத் திறந்து பார்க்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். ‘/சிற்றுண்டி/’ வரை வெட்டினால் சிற்றுண்டிகளின் பட்டியல் வரும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது முற்றிலும் நியாயம். அவ்வாக்குறுதியை முகவரியே கொடுத்திருக்கிறது. ஸ்டீவ் ஃபிரான்சியா 2013இல் தொடங்கிய ஹியூகோ, கோப்புறையையே பிரிவாகக் கொண்டு, அதற்குப் பட்டியல் பக்கத்தையும் தானே உருவாக்கிவிடுகிறது. ஜெக்கில் அப்படிச் செய்வதில்லை. வகைக் கோப்புறைக்குள் இண்டெக்ஸ் கோப்பு இல்லாமையால் அங்கே பெரும்பாலும் பிழை அறிவிப்பே வரும். ஒவ்வொரு வகைக்கும் கையால் ஒரு பக்கம் எழுதுவதோ, ‘ஜெக்கில் ஆர்க்கைவ்ஸ்’ போன்ற செருகுநிரலைச் சேர்ப்பதோ தேவை. வகைகள் ஆறேழு மட்டும் என்றால் கையால் எழுதுவதே சிறந்தது, ஏனெனில் அப்போது பட்டியலுக்கு மேலே அவ்வகையைப் பற்றி நான்கு நல்ல வரிகளை எழுதும் எண்ணமும் தானாக எழும்.

ஏற்கெனவே தேதி முகவரிகளோடு இயங்கிவரும் தளத்தை வகை முகவரிகளுக்கு மாற்றுபவருக்கு இன்னொரு கடமை உண்டு. பழைய முகவரி ஒவ்வொன்றும் புதியதற்கு வழிகாட்ட வேண்டும். சர்வரின் அமைப்பைத் தொட முடிந்தால், நிரந்தரமாக இடம் மாறியது என்று அறிவிக்கும் 301 என்னும் குறியீட்டோடு திசைமாற்றுவதே முறை. கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில் பக்கம் பக்கமாக அப்படி அமைக்க வழியில்லாததால், ‘ரீடைரக்ட் ஃபிரம்’ என்னும் ஜெக்கில் செருகுநிரல், பழைய முகவரியில் ஒரு சிறு பக்கத்தை உருவாக்கி, உலாவியை உடனே புதிய இடத்துக்கு அனுப்பி, தேடுபொறிக்கு எது மூலமுகவரி என்பதையும் குறித்துவிடுகிறது; ஹியூகோவில் ‘ஏலியஸஸ்’ என்னும் புலம் இதே வேலையைச் செய்கிறது. கட்டுரையில் படங்களைச் சார்புப் பாதையால் இணைத்திருந்தால், முகவரியின் ஆழம் மாறியதும் அவை உடைந்துவிடும் என்பதால், படங்களின் பாதைகள் தளத்தின் வேரிலிருந்தே தொடங்குமாறு முன்னதாகத் திருத்திவிட வேண்டும்.

மாற்றத்துக்கு முன், அன்றைய தளவரைபடத்திலிருந்து எல்லாப் பழைய முகவரிகளையும் ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, புதிய தளத்தைத் தம் கணினியில் கட்டியபின், அக்கோப்பிலுள்ள ஒவ்வொரு முகவரியும் பக்கத்தையோ திசைமாற்றத்தையோ தருகிறதா என்று நிரலால் சோதித்த பிறகே இளம் கலைஞர் அதை வெளியிட வேண்டும். உள் இணைப்புகளை ‘எச்டிஎம்எல் புரூஃபர்’ போன்ற கருவி சரிபார்த்துவிடும். வெளியார் தங்கள் பக்கங்களில் எழுதி வைத்த இணைப்புகளை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது என்பதால், சோதனையின் முழுக் கவனமும் பழைய பட்டியலின் மேல் இருக்கட்டும். பிற்காலத்தில் ஏதேனும் ஒரு கட்டுரை தவறான வகையில் நிற்பதாகத் தோன்றினால், பக்கத்தில் தெரியும் வகைப்பெயரையும் குறிச்சொற்களையும் தயங்காமல் மாற்றலாம். முகவரியை மட்டும், அக்கட்டுரையின் ஃபிரண்ட் மேட்டரில் தனிப் பெர்மாலிங்க் வரியாக எழுதிப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.